ஆயக்கட்டில் ஒரு கிரவுண்டு

தாம்பரத்துக்குக் கிழக்கே ராஜகீழ்ப்பாக்கத்தில் நண்பர் ஒருவர் வீடு கட்ட வானம் தோண்டினார். புரட்டாசிக் கடைசி. மேலே ஒன்றரை அடிக்குக் கட்டட இடிபாடும் கிராவலும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதைத் தாண்டியதும் கடப்பாரையின் சத்தமே மாறிவிட்டது. 'ணங்' போய் 'தொப்' என்றது. கருஞ்சாம்பல் நிறத்தில் களிமண். முதல் நாள் ராத்திரி பெய்த மழை குழியில் முழங்காலுக்கு நின்றது. மறுநாளும் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் மோட்டார் வைத்து இறைத்தோம்.

மேஸ்திரி அந்த மண்ணில் எலுமிச்சை அளவு உருட்டி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினார். நாடா மாதிரி இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டு, பிறகுதான் அறுந்தது. "கழனி மண்ணு சார். தண்ணி கீழ எறங்காது. எறங்கக் கூடாதுன்னுதானே அந்தக் காலத்துல மிதிச்சு வெச்சாங்க" என்றார்.

மண்ணியல் படிக்கும் மாணவர்களுக்கு முதல் வருடம் சொல்லித்தருவதும் இதே சோதனைதான். நாடா ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் அசல் களிமண். மேஸ்திரிக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எறங்கக் கூடாதுன்னுதானே.

நெல் வயல் இயற்கையாக அமைந்த நிலம் அல்ல, செய்யப்பட்ட பொருள். சாதாரண மண்ணில் துகள்கள் சின்னச் சின்னக் கட்டிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டிகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியாகத்தான் தண்ணீர் கீழே போகிறது. வயலில் தண்ணீர் கட்டி, அதிலேயே திரும்பத் திரும்ப உழுது சேறடிக்கும்போது இந்தக் கட்டிகள் உடைகின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியவை களிமண் துகள்கள், தட்டையானவை. அவை நீரில் கலைந்து மிதந்து, பிறகு மெதுவாகப் படிந்து சந்துகளை அடைக்கின்றன. அதற்கும் கீழே, கலப்பை முனை எட்டுகிற ஆழத்தில், அரையடி முக்கால் அடியில், மாட்டுக் குளம்பும் கலப்பையின் அடியும் வருடா வருடம் அழுத்தி ஒரு தளமே போட்டுவிடுகின்றன. இப்படிப் பதப்பட்ட வயலில் தண்ணீர் நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தளம் இல்லையென்றால் எத்தனை மடங்கு வேண்டியிருக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது; ஏரி அதற்குக் காணாது என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே அந்தத் தெருவிலேயே மிகப் பழைய மனிதக் கைவேலை, நாங்கள் மோட்டார் வைத்து இறைத்த குழிக்குள் இருந்த அந்த அரையடி மண்தான்.

வெளிநாடுகளில் பழைய பண்ணைகளும் ஆலைகளும் சேர்ந்த கிராமப் பகுதியை அப்படியே வளைத்து, பலகை நட்டு, பாரம்பரிய வட்டாரம் என்று அறிவிப்பார்கள். ஓடைக்கரையில் கல்லால் கட்டிய மில், மரச் சக்கரம், பண்ணை வீடு, வேலி. நம் பக்கத்தில் அப்படி ஒன்றைக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைக் காட்டுவார்கள். 1996-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தில், தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அருமையான காரியம். ஆனால் தாம்பரத்துக்குக் கிழக்கேயும் மேற்கேயும் பரந்து கிடந்த உழவுப் பிரதேசத்தைப் பிரித்து எடுத்துப் போக முடியாது. அதன் பழமை சுவரிலும் தூணிலும் இல்லை, நிலத்தின் மட்டத்தில் இருக்கிறது. எந்த இடம் எதைவிட எத்தனை அடி மேடு, எத்தனை அடி பள்ளம் என்பதுதான் இங்கே நினைவுச்சின்னம். அதைப் பார்க்க ரசமட்டம் வேண்டும், அல்லது ஒரு நல்ல மழை வேண்டும்.

தாம்பரம் ஒரு முகடு. ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே விழும் மழை, பெரும்பாலும் பீர்க்கன்கரணை, இரும்புலியூர், முடிச்சூர் வழியாக அடையாற்றுக்குப் போகப் பார்க்கும். கிழக்கே விழுவது பள்ளிக்கரணைக்கு. நடுவில் திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று கருங்கல் குன்றுகள். இந்தக் கல்லுக்கு நிலவியல் உலகில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து என்பது பொதுவான கருத்து. பெயர் கல்கத்தாவுக்குப் போய்விட்டது, குன்று நம்மிடம் மிச்சம். இந்தக் குன்றுகளின் மேல் விழும் மழை உள்ளே ஊறாமல் உடனே உருண்டு ஓடிவரும். அதை வழியிலேயே மறிக்கக் கட்டியவைதான் ஏரிகள்.

ஏரி என்றால் தோண்டிய பள்ளம் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தோண்டுவது குளம். ஏரிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கரை, பிறை வடிவத்தில், சரிவின் தாழ்ந்த பக்கத்தில். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அதன் வழியாகத்தான் வரத்துக் கால்வாய்கள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கரையில் மதகு, ஓரத்தில் கலங்கல். மதகு திறந்தால் தண்ணீர் கரைக்கு வெளியே உள்ள ஆயக்கட்டுக் கழனிகளுக்குப் போகும். மோட்டாரும் இல்லை, இறைப்பும் இல்லை, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அப்படியானால் கழனி ஏரித் தண்ணீரைவிடத் தாழ்வாகத்தான் இருந்தாக வேண்டும். கலங்கல் வேறு காரியத்துக்கு. ஏரி நிரம்பியதும் மிச்சம் அதன் மேல் வழிந்து கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். சேலையூர் நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அது நிரம்பினால் செம்பாக்கம், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளத்தில் கடல்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு கலங்கலின் உயரமும் இரண்டு ஊர்களின் தலையெழுத்து. ஒரு சாண் உயர்த்தினால் மேலூர்க்காரன் கழனி முழுகும், ஒரு சாண் குறைத்தால் இந்த ஊர் கழனி காயும். இன்றைய சர்வே கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில் இந்த மட்டங்களைச் சரிபார்த்தது தண்ணீரேதான். தேங்கி நிற்கும் தண்ணீரைவிடத் துல்லியமான ரசமட்டம் கிடையாது.

நிர்வாகமும் லேசுப்பட்டதல்ல. பழைய செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919-ஐயும் 921-ஐயும் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் செங்கல்பட்டு ஜாகீர் வந்ததும், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். ஏரியும் கழனியும் குடியும் அதில் பதிவாயின. ஊரில் மதகு திறந்து மூடும் நீர்க்கட்டிக்கும் விளைச்சலில் பங்கு இருந்தது. அவர் சம்மதம் இல்லாமல் பெரிய பண்ணைக்காரரும் மடையைத் தொடக் கூடாது.

இப்போது மனைக் கணக்குக்கு வருவோம். நம் ஊரில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால், ஒரே ஒரு கிரவுண்டின் மேல் மட்டும் விழுந்தது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்பது லோடு. கோடையில் ஒரு லோடுக்கு நாள்கணக்கில் காத்திருந்த தெருவில், வீட்டுக்கு ஒன்பது லோடு ஒரே நாளில் இலவசமாக இறங்கியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு என்றால் 49 கோடி லிட்டர். அவ்வளவு மழைக்கு எந்த நிலமும் திணறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே சில நகர்களில் நான்கு நாள் தண்ணீர் நிற்கிறதே, பக்கத்திலேயே பழைய ஊர்த்தெருவில் கோலம்கூட அழியாமல் இருக்கிறதே, அதற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய ஊர் நத்தம், மேட்டில் அமைந்தது. நகர் ஆயக்கட்டு. சமமாக மட்டம் செய்து, நாலு பக்கமும் வரப்பு உயர்த்தி, அடியில் களிமண் தளம் போட்டு, தண்ணீர் நிற்பதற்கென்றே தயார் செய்யப்பட்ட நிலம். வரப்பு இருந்த இடத்தில் இப்போது காம்பவுண்டு சுவர். நிலம் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஏரிகளின் கதை இன்னும் வினோதம். கழனி இருந்த காலத்தில் ஏரி வருடம் முழுக்க நிறைந்து கிடந்ததில்லை. நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். தை, மாசிக்குள் சம்பா அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். மிச்சத்தை வெயில் உறிஞ்சும். சித்திரையில் ஏரி வறண்டு வெடிக்கும், மாடு மேயும், வண்டி கட்டி வண்டல் அள்ளிக் கழனிக்குக் கொண்டுபோவார்கள். கழனிக்கு எரு, ஏரிக்குத் தூர்வாரல், ஒரே வண்டியில். அடுத்த மழை வரும்போது ஏரி காலிப் பாத்திரமாக வாயைத் திறந்து காத்திருக்கும்.

இப்போது ஆயக்கட்டு இல்லை. மதகைத் திறந்தால் யார் வீட்டுக்குள் போகும் என்று தெரியாது, எனவே மூடிக் கிடக்கிறது. கழிவுநீரோ சித்திரையிலும் வந்துகொண்டே இருக்கிறது. ஆக, ஐப்பசி பிறக்கும்போதே பாத்திரம் முக்கால் நிறைந்திருக்கிறது. வெள்ளத்துக்கு ஆக்கிரமிப்பு ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம், சரிதான். ஏரி காயாமல் போனதும் ஒரு காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் நிறைந்த ஏரியைப் பார்த்தால் நமக்கு மனம் குளிர்கிறது. படம் எடுத்து அனுப்புகிறோம். பங்குனியில் தளும்பும் ஏரியைக் கண்டால் பழைய நீர்க்கட்டி கவலைப்பட்டிருப்பார். செம்பாக்கம் ஏரியைச் சீர்படுத்த நேச்சர் கன்சர்வன்சியும் கேர் எர்த் அறக்கட்டளையும் ஐ.ஐ.டி. மெட்ராசும் சேர்ந்து இறங்கியபோது, தூர்வாருவதோடு நிற்காமல் கழிவுநீரை வடிகட்டும் நாணல் பாத்திகளையும் திட்டத்தில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே வருவது என்ன என்று பார்க்காமல் கரையை மட்டும் அழகாக்கினால் அது நடைப்பயிற்சிப் பாதையோடு கூடிய கழிவுநீர்த் தொட்டி.

கழனி சரி, மில் எங்கே? இங்கிலாந்தில் 1086-ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலேயே ஆறாயிரத்தையொட்டிய நீராலைகள் உண்டு. இத்தனை ஏரி, இத்தனை மதகு, இத்தனை கலங்கல் வைத்திருந்த தொண்டை மண்டலத்தில் தண்ணீர் சுற்றும் ஆலைகள் ஏன் பெருகவில்லை? நம்மவர்களுக்குச் சக்கரம் தெரியாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மதகில் விநாடிக்கு நூறு லிட்டர் தண்ணீர், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். நூறைப் புவியீர்ப்பின் 9.8-ஆலும் உயரத்தின் 1.5-ஆலும் பெருக்கினால் 1,470 வாட். இரண்டு குதிரைத்திறன், அதுவும் நஷ்டம் எதுவும் இல்லையென்றால். இரண்டு மூன்று ஜோடி மாடு தரும் சக்தி. அந்த ஒன்றரை மீட்டர் உயரத்தை மில்லுக்குச் செலவழித்துவிட்டால் தண்ணீர் மேட்டுக் கழனிக்கு ஏறாது. தண்ணீர் ஓடுவதும் வருடத்தில் சில மாதம்தான். வருடம் முழுக்க ஓடும் ஓடையில் தண்ணீர் வெறும் விசை. நம் ஊரில் தண்ணீர் சோறு. சோற்றைக் கொண்டு சக்கரம் சுற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எனவே எண்ணெய் ஆட்டியது மாடு. செக்கு வைத்திருந்தவர் சோழர் காலத்திலேயே செக்கிறை கட்டினார். (இப்போது சேலையூர் பக்கம் தெருவுக்கு ஒரு 'மரச்செக்கு' போர்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் மரம் இருக்கிறது, மாட்டுக்குப் பதில் மோட்டார்.) நெல் குத்தியது பெண்கள். உரலும் உலக்கையும் எழுபது எண்பது வாட் மனித உழைப்பும். மில் என்ற ஒன்று வந்தது என்ஜினோடுதான்.

வந்த இயந்திரம் பிரேசில் நாட்டுக்காரர் எவரிஸ்டோ எங்கெல்பெர்க் 1880-களில் காப்பிக்கொட்டைக்காகச் செய்தது, நெல்லுக்கும் ஒத்துப்போனது. நாம் ஹல்லர் என்கிறோம். உருளைக் கூட்டுக்குள் பள்ளம் வெட்டிய இரும்பு உருளை சுற்றும். கீழே சல்லடை, பக்கவாட்டில் ஒரு பட்டை இரும்பு. நெல்லோடு நெல் தேய்ந்து உமி கழலும். அதே உராய்வில் தவிடும் போகும். நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி, எட்டு கிலோ தவிடு. நல்ல ஆலையில் அறுபத்தெட்டு, எழுபது கிலோ அரிசி. ஹல்லரில் அவ்வளவு வராது, நொய் அதிகம். உமியும் தவிடும் கலந்தே விழுவதால் அந்தத் தவிட்டில் எண்ணெய் எடுப்பதும் சிரமம். மாட்டுக்குப் போகும்.

இங்கேதான் புழுங்கல் என்ற பழைய வித்தை மில்லைக் காப்பாற்றியது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு அரைப்பது. பழைய மில் இருந்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊறல் தொட்டியின் புளித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கும். ஆவியின் சூடு எழுபது டிகிரியைத் தொடும்போது அரிசிக்குள் உள்ள மாவுச்சத்து கூழாகி, காய்ந்ததும் கண்ணாடி போல இறுகும். நெல் வயலிலேயே வாங்கியிருந்த மயிரிழை வெடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். ஹல்லரின் முரட்டுத்தனத்தை அந்த அரிசி தாங்கும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் தண்ணீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை எவ்வளவு உரித்தாலும் ஒரு பங்கு உள்ளே பத்திரம்.

இதை உலகுக்குக் காட்டியதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மில்லில் தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கிச் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905-ஐ ஒட்டி ஃப்ளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்துச் சோதித்தார். நோய் பச்சரிசிப் பக்கமே போனது. ஜாவாவில் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளைக் கவனித்ததும், அவருக்கு 1929-ல் நோபல் கிடைத்ததும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் சோற்றுத் தட்டுதான் பாடத்தில் விட்டுப்போயிற்று.

அவிக்கும் அடுப்புக்கு எரிபொருள் உமியேதான். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, மணலின் சரக்கு. உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறை உப்புத்தாளின் சின்னத் தம்பியால் தேய்த்திருக்கிறது.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் வந்தது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. இடையில் கழனிகள் மனைகளாயின, நெல் வராததால் மில்கள் மாவு மில்களாயின, சில கல்யாண மண்டபங்களாயின. எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய மில் இருக்கிறது. தகரக் கூரை பாதி இல்லை. ஓரத்து அறையில் மட்டும் ஒருவர் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துக் கொடுக்கிறார். மூலையில் பெல்ட் இல்லாத ஹல்லர், மேலே செய்தித்தாள் கட்டு.

மில்லுக்கு முன்னால் அரை ஏக்கருக்கு நெல் காயவைத்த களம். சுண்ணாம்பும் சிமெண்டும் போட்ட தரை. அவித்த நெல்லைப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடந்து அளைந்து விடுவார்கள். ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு இறங்கும்வரை காயும். திடீர் மழை வந்தால் குவித்து மூட வேண்டும், குவியலின் கீழே தண்ணீர் தேங்கினால் அன்றைய நெல் புளித்துக் கெட்டுவிடும். அதனால் களத்தை நத்தத்து மேட்டில் அமைத்து, நடுவில் லேசாக உயர்த்தி, நாலு பக்கமும் சரிவு கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோலிக்குண்டை வைத்தால் ஓரத்துக்கு உருண்டு போகிறது.

போன ஐப்பசியில் வானிலை அறிக்கை சிவப்பானதும் எங்கள் நகர்க்காரர்கள் கார்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விடிந்து நான் மாவு அரைக்கப் போனபோது களத்தில் பதினேழு கார்கள் நின்றன. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மில்காரர் வாசலில் உட்கார்ந்து, காருக்கு நாளைக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்.